நிகழ்தகவுப் பரவலைத் திரையில் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கக் கல்லூரிகளுக்குப் புள்ளியியல் செய்முறைத் தேர்வு நடத்தப் போய்வருகிறவன் நான். புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் இப்போது இயல்நிலைப் பரவலின் மணி வளைவைப் பலகையில் வரைவதில்லை. எக்செல், ஜியோஜீப்ரா, ஆர் (R) என்று ஏதாவது மென்பொருளில் வரைந்து புரொஜெக்டரில் போட்டுவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் சாக்பீஸில் செய்த அதே தப்பு இப்போது கலரில் நடக்கிறது. அச்சுக்குப் பெயர் விட்டுப்போவது, எழுத்து பொடியாக இருப்பது எல்லாம் பிள்ளைகளே சொல்லித் திருத்திவிடுவார்கள். அவற்றை விடுங்கள்.

உயரத்தை நிகழ்தகவாக வாசிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு கல்லூரியில் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினேன். மதிப்பெண்களின் சராசரி 60, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறல் என்ற அளவு) 15. எக்செல்லின் நார்ம்.டிஸ்ட் சூத்திரத்தில் கடைசியாக ஃபால்ஸ் போட்டு, ‘ஒரு மாணவர் 60 மதிப்பெண் பெற நிகழ்தகவு 0.0266’ என்று வகுப்பு மொத்தமும் எழுதியிருந்தது. எல்லா நோட்டிலும் சிவப்பு மையில் டிக்.

ஃபால்ஸ் போட்டால் வருவது வளைவின் உயரம். ட்ரூ போட்டால் வருவது அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் உள்ள பரப்பு. இயல்நிலைப் பரவலில் பரப்புதான் நிகழ்தகவு. சரியாக ஒரே புள்ளிக்கு அது பூஜ்யம். இதில் வில்லங்கம் என்னவென்றால், 59.5-லிருந்து 60.5 வரையுள்ள பரப்பும் 0.0266-தான். அகலம் 1 என்பதால் உயரமும் பரப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. தப்பான வழியில் சரியான எண் வந்துவிட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்?

வைவாவில் ஒரு மாணவியிடம் ஆத்தங்குடிக் கல்லை வைத்துக் கேட்டேன். கண்ணாடி மேல் கையால் வார்க்கிற தரைக் கல், தடிமன் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். “சராசரி 2 செ.மீ., திட்ட விலக்கம் 0.1 செ.மீ.ன்னு வச்சுக்கம்மா. 2-ல உயரம் எவ்வளவு?” தட்டினாள். 3.99. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நிகழ்தகவு ஒண்ணுக்கு மேல போகாதே சார்?”

அதே கல்லை மில்லிமீட்டரில் போடச் சொன்னேன்: சராசரி 20, விலக்கம் 1. உயரம் 0.399 ஆகிவிட்டது. கல் அதே கல்தான், அலகுதான் வேறு. 1.9-க்கும் 2.1-க்கும் இடையே பரப்பு எடுக்கச் சொன்னேன். இரண்டு அலகிலும் 0.683. அவளுக்கு அங்கேயே பிடிபட்டுவிட்டது. பிடிபடாமல் எம்.எஸ்சி. போகிற பிள்ளைதான் மேக்ஸிமம் லைக்லிஹூட் (வளைவின் உயரத்தை வைத்துச் சராசரி போன்றவற்றை மதிப்பிடும் முறை) பாடத்தில் திண்டாடும்.

ஆகவே முதல் நாள் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டவே காட்டாதீர்கள். எப்போதும் இரண்டு எல்லை, நடுவே வண்ணம். ஜியோஜீப்ராவின் நிகழ்தகவுக் கணிப்பானில் எல்லைகளை இழுத்தால் பரப்பு கூடவே மாறும். ஆர் என்றால் முதலில் பரப்பைத் தரும் பி-நார்ம். உயரத்தைத் தரும் டி-நார்ம் அப்புறம் வரட்டும்.

அச்சைத் தானாக ஓடவிடுவது

திட்ட விலக்கத்தை 1-லிருந்து 5-க்கு மாற்றுகிறீர்கள். மென்பொருளோ இரண்டு அச்சையும் புது வளைவுக்குத் தகுந்தபடி நீட்டிச் சுருக்கி, பழைய படத்தையே திரும்பக் காட்டுகிறது. ஓரத்து எண்கள் மட்டும் வேறு. பின் பெஞ்சிலிருந்து “சார், ஒண்ணும் மாறலையே” என்று குரல் வந்தால் அவன்மேல் தப்பில்லை. அச்சின் எல்லைகளைப் பூட்டிவிட்டு மாற்றுங்கள். இல்லை, இரண்டு வளைவையும் ஒரே படத்தில் போடுங்கள்.

ஈருறுப்புப் பரவலுக்குக் கோடு

ஈருறுப்புப் பரவல் என்பது இத்தனை முயற்சியில் எத்தனை வெற்றி என்று எண்ணுவது. அதற்குத் தொடர்ச்சியான கோடு வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குச்சி போதும். 10 முறை நாணயம் சுண்டினால் மூன்றரைத் தலை விழாது.

கட்டங்களின் எண்ணிக்கை

ஹிஸ்டோகிராமில் மென்பொருள் தானாகத் தரும் கட்டங்களே கடைசி அல்ல. ஆர், தரவின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கட்டங்களை முடிவு செய்கிற ஸ்டர்ஜஸ் விதிப்படி பிரிக்கும். தரவில் இரண்டு மேடு இருந்தால் அது ஒன்றாகக் கலந்துபோகவும் கூடும். 5, 15, 40 என்று மாற்றிக் காட்டுங்கள்.

முப்பரிமாணப் படம்

கூடாது.

எல்லோருக்கும் ஒரே ரேண்டம் எண்

திருத்த வசதி என்று ஆர்-இல் செட்.சீட் (எல்லோர் கணினியிலும் ஒரே ரேண்டம் எண்கள் வரச் செய்யும் கட்டளை) போட்டுவிடுகிறார்கள். பரீட்சைக்குச் சரி. வகுப்பில் போடாதீர்கள், பக்கத்துப் பெஞ்சுத் திரையில் வேறு படம் வந்திருப்பதைப் பார்த்து மாணவர்கள் சண்டை போட வேண்டும்.