எம்சிபி இருக்கே என்று கீசரை நம்பாதீர்கள்

கீசர் வாங்கும்போது லிட்டர், ஸ்டார், வாரண்டி எல்லாம் விசாரிப்போம். ஷாக் அடித்தால் எது காப்பாற்றும் என்று கேட்டால் மட்டும், "அதான் எம்சிபி போட்டிருக்கே" என்று பதில் வரும். எம்சிபி என்பது அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் லைனை வெட்டும் சுவிட்ச். இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி. தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் வெளிக்குழாய் அரித்து ஊசித்துளை விழுந்து, கரண்ட் தண்ணீரில் இறங்குகிறது, எர்த்தும் இல்லை. ஈரக்கையால் குழாயைத் திருகுகிறீர்கள். உடம்பின் மின்தடை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 0.23 ஆம்பியர் பாயும். உயிர் போக அது தாராளம். எம்சிபிக்கோ அது பொருட்டே இல்லை. ஒயர் சூடேறாமலும் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமலும் பார்ப்பதுதான் அதன் வேலை.

எர்த் இருந்தால்? எர்த் குழி காய்ந்துபோய் 50 ஓம் காட்டுகிறது என்றால், கசிவு 4.6 ஆம்பியர்தான். காயில் இழுப்பதையும் சேர்த்தால் 13.3. அப்போதும் எம்சிபி விழாது. கீசரின் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். இந்த இடத்தில்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். பேஸில் (கரண்ட் வரும் ஒயர்) போனது நியூட்ரலில் (திரும்பும் ஒயர்) அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்து, குறைந்தால் லைனை வெட்டிவிடும். ஆனால் ஓவர்லோடு அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டும் வேண்டும். மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பட்டன் வேலை செய்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எர்த்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

எர்த் சரியில்லை என்று பிளக் பாயிண்டுக்குள்ளேயே எர்த் பின்னை நியூட்ரலோடு இணைத்துவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் காயில் வழியாக கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். காயில் கசிந்தாலும் அந்தக் கரண்ட் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால் ஆர்சிசிபிக்குத் தெரியாமலே போகலாம். இப்படிச் செய்பவரை அடுத்த முறை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மழைக்காலத்தில் முதன்முதலாகக் கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது. "கீசர் லைனை மட்டும் ஆர்சிசிபிக்கு வெளியே எடுத்துரலாம் சார்" என்பார்கள் எலக்ட்ரீஷியன்கள். விடாதீர்கள், விழுந்ததற்குக் காரணம் இருக்கும். காயிலுக்குள் நிரப்பியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி சும்மா கிடந்து ஈரம் இழுத்திருக்கலாம், அல்லது குழாயே துளைத்திருக்கலாம். 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் கசிவு இருப்பது தெரியும். காயிலை உலர்த்தி மறுபடி அளந்தால், ஈரமா துளையா என்று பெரும்பாலும் பிடிபடும். துளை என்றால் காயிலை மாற்றத்தான் வேண்டும்.

இனி வெப்பத்துக்கான காவல். தெர்மோஸ்டாட்டும் தெர்மல் கட்-அவுட்டும் ஒன்றல்ல. தண்ணீர் வேண்டிய அளவு சூடானதும் காயிலை நிறுத்துவது தெர்மோஸ்டாட். தினமும் ஆன்-ஆஃப் ஆகி ஆகி தெர்மோஸ்டாட்டின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அப்போது தண்ணீர் கொதிக்கும் முன் வெட்டுவதற்குத்தான் கட்-அவுட். பல மாடல்களில் அது தானாகத் திரும்பாது. கையால் ரீசெட் செய்யவேண்டும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அடிக்கடி விழுந்தால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அதை விட்டுவிட்டு கட்-அவுட்டைத் தாண்டி "டைரக்ட்" கொடுத்தால், மூடிய தொட்டியில் 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும். மிஞ்சுவது அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு ஒன்றுதான். சூடேறும்போது அது சொட்டுவது இயல்பு. சொட்டுகிறதே என்று அடைத்துவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

பேஸும் நியூட்ரலும் மாறியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு ஒயரை மட்டும் வெட்டும் ஒற்றை துருவ தெர்மோஸ்டாட் என்றால் அது நியூட்ரலைத்தான் வெட்டும். சூடு நின்றிருக்கும், காயிலில் பேஸ் இருக்கும்.

அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கரில் சூடு மிஞ்சினால் அறுந்து லைனை வெட்டும் தெர்மல் ஃபியூஸிலும் "டைரக்ட்" கதைதான். போனதும் ஒயரால் முறுக்கிவிடுவார்கள். அதே டிகிரி, அதே ஆம்பியர் ஃபியூஸ் வாங்கிப் போடுங்கள். சால்டரிங் வைத்தால் அந்தச் சூட்டிலேயே புது ஃபியூஸும் போய்விடலாம். கிரிம்ப் செய்வதே (சிறு உலோகக் குழாயில் வைத்து நசுக்கி இணைப்பதே) சரி.