அழுத்தினால் வெட்டும்: பழைய ரேசருக்கு மாறுகிறவர்களுக்கு

தேய்ந்ததும் தலையை மட்டும் கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுவிட்டு, இருபக்கமும் கூர் உள்ள பிளேடு போடும் பழைய இரும்பு ரேசருக்கு மாறுகிறவர்களில் பாதிப் பேர் முதல் வாரமே கழுத்தைக் கீறிக்கொண்டு "இது நமக்குச் சரிப்படாது" என்று பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படிப் போட்டவன்தான். ஆறு மாதம் கழித்து மறுபடி இறக்கிப் பழகியபோதுதான் கோளாறு ரேசரில் இல்லை, என் கையில் இருக்கிறது என்று தெரிந்தது. கார்ட்ரிட்ஜின் தலை முகத்துக்குத் தகுந்தபடி வளைந்து கொடுக்கும், கொஞ்சம் அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும், அதனால் அழுத்தி இழுப்பதே நமக்குப் பழக்கமாகிவிடுகிறது. பழைய ரேசரில் தலை அசையாது. அழுத்தினால் வழிவிடுவது தோல்தான்.

ரேசர் வாங்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மூடி, தட்டு, கைப்பிடி என மூன்று துண்டாகக் கழலும் சாதாரண ரேசர் போதும். தட்டின் விளிம்பு சீப்புப் பல் போல இல்லாமல் நேராக இருப்பதாகப் பாருங்கள், அதுதான் புதியவர்களுக்குச் சாந்தமானது. கையில் எடுத்தால் கொஞ்சம் கனம் தெரிய வேண்டும். லேசான பிளாஸ்டிக் ரேசர் என்றால் நாமே அழுத்தத் தொடங்கிவிடுவோம். அப்பாவின் பழைய ரேசர் வீட்டில் கிடக்கிறதா, பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி அதையே எடுங்கள். 1904இல் கிங் கேம்ப் ஜில்லெட் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் இருக்கிறது: மெல்லிய பிளேடு, அதை நடுவில் வைத்து லேசாக வளைத்துப் பிடிக்கும் மூடியும் தட்டும். விற்பனை தொடங்கிய 1903இல் மொத்தமே 51 ரேசரும் 168 பிளேடும்தான் போயின, ஆக இதைப் பார்த்துத் தயங்கியவர்களில் நாம் முதல் ஆள் இல்லை.

பிளேடைக் கூர் இல்லாத குட்டைப் பக்கங்களில் பிடித்துத்தான் மாட்ட வேண்டும். முடுக்கியபின் இரண்டு பக்கமும் சம அளவில் வெளியே தெரிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

இனி தண்ணீர். ரேசரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. போர் தண்ணீர் வரும் வீடு என்றால் அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரியும், நுரை எழும்பாது, எழும்பினாலும் முகத்திலேயே காய்ந்து போகும். நான் மூன்று கிரீம் மாற்றிப் பார்த்து மூன்றையும் திட்டியபின், ஒருநாள் மோட்டார் ஓடாததால் குடிக்கிற கேன் தண்ணீரில் பிரஷை நனைத்தேன், அதே கிரீம் கிண்ணம் நிறையப் பொங்கியது. நுரைக்கு மட்டும் அரை டம்ளர் நல்ல தண்ணீர் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ரேசரை அலச எந்தத் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை.

குளித்து முடித்தவுடன் ஷேவ் செய்வது நல்லது. முடி தண்ணீரை உறிஞ்சி இளகுவதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். அவசரம் என்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பன்றி முடி பிரஷ் என்றால் அதையும் அந்த நேரத்தில் ஊறவிடுங்கள், செயற்கை முடி பிரஷுக்கு நனைத்தால் போதும். தண்ணீரை உதறிவிட்டு, பாக்கு அளவு கிரீம் எடுத்து, கிண்ணத்திலோ முகத்திலோ சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். துணி ஊறவைத்த வாளியில் மிதப்பது போல முட்டை முட்டையாக இருந்தால் அது நுரையே இல்லை, இன்னும் சுழற்றுங்கள். கடைந்த தயிர் போல நெருக்கமாகவும் பளபளப்பாகவும் வந்தால் சரி. குளியல் சோப்பைத் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கோணம் பிடிபடச் சுலபமான வழி ஒன்று உண்டு. கைப்பிடி தரைக்குச் சமமாக நீட்டியிருக்கும்படி ரேசரின் மூடியைக் கன்னத்தில் வையுங்கள், அப்போது பிளேடு தோலைத் தொடாது. அப்படியே கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வந்தால் ஓர் இடத்தில் பிளேடு முடியைப் பிடிப்பது தெரியும், அங்கே நிறுத்துங்கள். சுமார் 30 டிகிரி இருக்கும். கைப்பிடியின் நுனியை இரண்டு மூன்று விரலால் மட்டும் பிடித்து, ரேசரின் கனத்திலேயே அது இறங்கும்படி, ஒரு அங்குலம் அளவுக்குச் சின்னச் சின்னதாக இழுங்கள், மற்ற கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு. சரசரவென்று முடி அறுபடும் சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் ஒன்று கோணம் தப்பியிருக்கிறது, இல்லை அந்த இடத்தில் முடி முடிந்துவிட்டது. இரண்டுக்குமே அழுத்துவது பதில் இல்லை.

ஷேவ் செய்யாத இரண்டாம் நாளில் விரலால் தாடியைத் தடவி, முடி எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்துவையுங்கள். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும், கழுத்தில்தான் ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு இடது கழுத்தில் மேல்நோக்கியும் வலது கழுத்தில் காதுப் பக்கமாகச் சாய்ந்தும் வளர்கிறது, அது தெரியாமல் எத்தனை வருடம் மேலிருந்து கீழே இழுத்துச் சிவந்த கொப்புளங்களோடு ஆபீஸ் போயிருக்கிறேன்! முதல் சுற்று முடி படியும் திசையில். மறுபடி நுரை போட்டு இரண்டாவது சுற்று குறுக்காக. முதல் மாதம் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் மூன்றாவது சுற்று போனால் கன்னம் வழுவழுவென்று இருக்கும்தான், ஆனால் சுருட்டை முடிக்காரர்களுக்கு அதுதான் வினை, ஒட்ட வெட்டிய முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து முள்போல வீங்கும். நுரை இல்லாத இடத்தில் "ஒரே ஒரு இழுப்பு" என்று போகாதீர்கள். முகப்பரு, மச்சம் இருந்தால் சுற்றிக்கொண்டு போங்கள்.

முடித்தபின் பச்சைத் தண்ணீரில் கழுவி, நனைத்த படிகாரக் கட்டியை முகம் முழுக்கத் தேய்த்து, ஒரு நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சின்னக் கீறலில் ரத்தம் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், எனக்கு அதன் பெரிய பயன் வேறு: எங்கே சுரீர் என்று எரிகிறதோ அங்கே இன்றைக்கு அழுத்தியிருக்கிறோம். ரத்தம் இளகுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பிளேடு விஷயத்தில் அடுத்தவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஜப்பானின் ஃபெதர் பயங்கரக் கூர், பழகியபின் பார்த்துக்கொள்ளலாம். மளிகைக் கடையில் தொங்கும் டோபாஸ், செவன் ஓ கிளாக் இரண்டையும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கி எது உங்கள் தாடிக்கு ஒத்துவருகிறது என்று பாருங்கள். ஐந்தாறு ஷேவ் தாங்கும், முடியை வெட்டாமல் பிடித்து இழுப்பது போலத் தோன்றினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். முனையைத் துண்டால் துடைக்காதீர்கள், அலசி உதறினால் போதும். விமானத்தில் போகிறவர்கள் பிளேடைக் கைப்பையில் வைக்காதீர்கள், எடுத்துவிடுவார்கள்.

பழைய பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள், குப்பையை வெறுங்கையால் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டு உண்டியல் போல அதில் போட்டுவாருங்கள், நிறைந்ததும் டேப் சுற்றி ஒட்டிப் பழைய இரும்புக் கடையில் சொல்லிக் கொடுக்கலாம். பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான். என் டப்பா நாலு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் பாதிகூட நிறையவில்லை.