சிறுநீரகக் கல் அறுவைக்குப் பின்: ஸ்டென்ட் உள்ளே இருக்கும் நாட்களைச் சமாளிப்பது எப்படி?

சிறுநீரகக் கல்லை லேசரால் உடைத்து அகற்றிக்கொண்டு வீடு திரும்பும் பலர், கல் போன பின்னும் வலி ஏன் போகவில்லை என்று கலங்குகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் உள்ளே வைக்கப்பட்டிருக்கும் டி.ஜே. ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாய்தான். கருவி சென்று வந்த சிறுநீர்க்குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக வைக்கப்படும் இதன் மேல் நுனி சிறுநீரகத்திலும், கீழ் நுனி சிறுநீர்ப்பையிலும் சுருண்டு நிற்கும். கீழ்ச்சுருள் பையின் சுவரில் உரசுவதால்தான் அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது; கழித்து முடிக்கும் தருவாயில் சுருக்கென்று எரிகிறது. கழிக்கும்போது விலாவுக்குக் கீழே வலி ஏறினால், அழுத்தத்தில் கொஞ்சம் சிறுநீர் ஸ்டென்ட் வழியே மேலே போகிறது என்று பொருள். அடக்கி வைக்காமல் உடனுக்குடன் சென்று, முக்காமல் நிதானமாகக் கழித்தால் இது குறையும்.

சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. காலையில் தெளிவாக இருந்தது, கடைக்கு நடந்து வந்தபின் அல்லது குலுங்கும் பேருந்தில் பயணம் செய்தபின் மீண்டும் சிவக்கலாம். சற்று ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தால் தெளியும். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ இல்லாதவர்கள் நாளொன்றுக்கு 2.5 முதல் 3 லிட்டர் வரை குடிக்கலாம். ஒரே மூச்சில் ஒரு செம்பைக் காலி செய்யாமல் பகல் முழுவதும் பிரித்துக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குறைத்துக்கொண்டால் இரவில் பலமுறை எழ வேண்டியிராது. காபியும் தேநீரும் சிறுநீர்ப்பையின் எரிச்சலைக் கூட்டக்கூடியவை என்பதால் இந்த நாட்களில் குறைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டென்ட் தரும் தொல்லைக்காக டாம்சுலோசின் மாத்திரையை மருத்துவர்கள் பரவலாக எழுதித் தருகிறார்கள். இதனால் சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றும் என்பதால், இரவில் கழிவறைக்குப் போகுமுன் கட்டிலோரம் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். அவசரமாக முட்டுவதைத் தணிக்கத் தரப்படும் சோலிஃபெனசின் போன்ற மாத்திரைகள் வாயை உலர்த்தி, மலச்சிக்கலை உண்டாக்கக்கூடும். மலச்சிக்கலை எளிதாக எண்ணிவிடக் கூடாது. முக்க முக்க வலியும் கூடும், இரத்தமும் கூடும். ஆகவே கீரை, பழங்களோடு, தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேட்டு மலமிளக்கியும் எடுத்துக்கொள்ளலாம். வலிக்கு டைக்ளோஃபெனாக்கை நீங்களாகவே மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள்; சிறுநீரகம் ஏற்கெனவே சோர்ந்திருந்தால் அது மேலும் பாதிக்கும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அடிவயிற்றிலோ விலாப்புறத்திலோ வைத்தால் நல்ல இதம் தரும். வாழைத்தண்டுச் சாறு உறவினர் அனைவரும் சொல்லும் வைத்தியம்தான், ஆனால் ஸ்டென்ட் உரசுவதை அது தடுக்காது.

சிலருக்கு ஸ்டென்டின் நுனியில் கட்டிய நூல் வெளியே வந்து, தொடையிலோ அடிவயிற்றிலோ பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருக்கும். குளித்தபின் துடைக்கும்போது துண்டு அதில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலும், இரத்தம் கட்டி கட்டியாக வந்தாலும், சிறுநீர் முற்றிலும் நின்றுபோனாலும், மாத்திரைக்கு அடங்காத வலியோடு வாந்தி எடுத்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைப்போடு சேர்ந்த கிருமித்தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடக்கூடும்.

ஸ்டென்டை எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து, வீட்டிலுள்ள இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். தொல்லை தணிந்துவிட்டதென்று மாதக்கணக்கில் மறந்துபோனால், அதன்மேலேயே உப்புப் படிந்து கல்லாகி, அதை எடுக்க இன்னோர் அறுவை தேவைப்படலாம். எடுப்பது பெரும்பாலும் மரத்துப்போகும் ஜெல் தடவிச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எடுத்த அன்று சிறுநீர்க்குழாய் இறுகி, பழைய கல் வலியைப் போலவே ஒரு வலி வந்து போகலாம் என்பதால், மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையைக் கையிலேயே வைத்திருங்கள். அது ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அவரிடமே திரும்பிச் செல்லுங்கள்.