கடலில் எண்ணெய் வந்தால் யாரிடம் சொல்வது? உவரி முதல் கூட்டப்புளி வரை உள்ளவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் உவரி மணலில் நடந்தபோது காலில் கருப்பாக ஏதோ ஒட்டியது. குனிந்து பார்த்தால் கடலில் கொட்டிய எண்ணெய் இறுகிய தார் உருண்டை, கொட்டைப்பாக்கு அளவில், அலை ஏறி நின்ற கோடு நெடுகக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துத்தான் காலைக் கழுவ முடிந்தது. ஒரு அலுவலகத்துக்குப் போன் போட்டேன், "கடல்ல இருந்து வந்தது எங்களுக்கு வராது சார்" என்றார்கள். இன்னொன்றுக்குப் போட்டேன், "கரைக்கு வந்துட்டா அது எங்க வேலை இல்ல" என்றார்கள். கோபம் வந்தது உண்மை. ஆனால் அப்புறம் விசாரித்துப் பார்த்தால் இரண்டு பேரும் தங்கள் வரம்பைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அந்த இரண்டு வரம்பையும் சேர்த்துப் பிடிக்கிற வேலை அன்றைக்கு யாரிடமும் இல்லை. அதை ஊரில் இருந்து எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லையைப் புரிந்துகொள்ளுங்கள். எண்ணெய் தண்ணீரில் மிதக்கிற வரை பொறுப்பு ஒன்றிய அரசுடையது, அதாவது இந்தியக் கடலோரக் காவல்படை. 1996இல் நடைமுறைக்கு வந்த தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டத்தின்படி நாடு முழுக்க ஒருங்கிணைக்கிற அமைப்பும் அவர்கள்தான். துறைமுக எல்லைக்குள் கொட்டினால் அந்தத் துறைமுகம்தான் முதலில் இறங்க வேண்டும். மணலில் ஏறிவிட்டால் அது மாநில அரசின் வேலை, நமக்குத் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர், கூடவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மீன்வளத்துறை. அளவை வைத்தும் பிரிவு உண்டு: 700 டன் வரை முதல் நிலை, 10,000 டன் வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை, அங்கே வெளிநாட்டு உதவி வரை போகும். நம் கரைக்குப் பெரும்பாலும் வரக்கூடியது முதல் நிலைதான். ஆனால் சின்னது என்பதாலேயே அது யார் கண்ணிலும் படாமல் போகிற ஆபத்தும் இருக்கிறது.

ஆகவே தண்ணீரில் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்த உடனே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள், ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிவிடுவார் என்று காத்திருக்க வேண்டாம். கடலில் இருந்தால் படகு ரேடியோவில் (விஎச்எஃப்) 16ஆம் சேனல், போன் எடுத்தால் கடலோரக் காவல்படையின் 1554. கரைக்கு வந்ததும் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. விஏஓவிடமும் சொல்லுங்கள், அவர் வழியாகத்தான் ராதாபுரம் அல்லது திசையன்விளை தாசில்தாருக்கும் சேரன்மகாதேவி சார் ஆட்சியருக்கும் எழுத்தில் தகவல் போகும், எழுத்தில் போனதற்குத்தான் பின்னால் மதிப்பு.

என்ன சொல்வது என்பதும் முக்கியம். "கடல்ல எண்ணெயா கிடக்கு" என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நேரம், ஜிபிஎஸ் இடம் (இல்லையென்றால் இடிந்தகரைக்கு நேரே எத்தனை பாகம், அதாவது இரண்டு கை விரித்த நீளக் கணக்கில், ஆழம்), எந்தப் பக்கம் நகர்கிறது, பக்கத்தில் கப்பல் நின்றதா, பெயர் தெரிந்ததா. நிறமும் சொல்லுங்கள். வானவில் மாதிரி பளபளத்தால் மெல்லிய படலம், கருப்பு என்றால் தடிமன், பழுப்பாகக் கூழ் மாதிரி இருந்தால் தண்ணீரோடு கலந்து ஊறியது, அது மூன்று நான்கு மடங்கு உப்பியிருக்கும், பொறுக்குவது கஷ்டம்.

எங்கே வரும் என்று ஊகிப்பதில் நம் ஆட்களுக்கு இணை கிடையாது. படலம் நீவாட்டோடு (கடல் நீரோட்டத்தோடு) அப்படியே போகும், அதோடு காற்றின் வேகத்தில் ஏறக்குறைய நூற்றில் மூன்று பங்கும் சேரும், அதாவது மணிக்கு முப்பது கிலோமீட்டர் காற்றடித்தால் காற்றினால் மட்டும் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகரும். கச்சான் என்றால் குமரிப் பக்கத்தில் கொட்டியது நம்மைத் தேடி வரும், கொண்டல் (கிழக்கிலிருந்து வரும் காற்று) என்றால் தூத்துக்குடிப் பக்கத்து எண்ணெய். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற ஒன்றிய அரசின் கடல் தகவல் நிறுவனம் இதையே கணினியில் கணித்துக் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்குத் தொடக்கப் புள்ளி வேண்டும், அந்தப் புள்ளி ஒரு வள்ளத்துக்காரர் சொன்ன இடமாகவும் இருக்கலாம். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மூன்று மாவட்டமும் ஒரே கரையில் ஒட்டிக்கிடப்பதால் பெரியதாழை, கன்னியாகுமரி ஊர்க் கமிட்டிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மூன்று மாவட்டம் என்று ஆகிவிட்டால் சென்னையில் இருந்துதான் சேர்த்து நடத்த வேண்டியிருக்கும்.

அதிகாரிகளின் வண்டி வரும் வரை சும்மா இருக்க வேண்டாம், ஆனால் எல்லாவற்றிலும் கைவைக்கவும் வேண்டாம். கோயில் மணி அடித்து ஆள் கூட்டுவது நம் ஊர் பழக்கம், அதைச் செய்யுங்கள். வலைகளையும் வள்ளங்களையும் மேட்டில் ஏற்றுங்கள். ஆற்றங்கரை பள்ளிவாசல் பக்கம் நம்பியாறு கடலில் சேரும் முகத்துவாரத்தைத் தாசில்தாரிடம் கேட்டு மணல் மூட்டை போட்டு அடைக்கச் சொல்லுங்கள், கழிமுகத்துக்குள் போன எண்ணெயை எடுக்கவே முடியாது. கூடங்குளம் அணுமின் நிலையம் குளிர்விக்கக் கடல் தண்ணீரைத்தான் எடுக்கிறது, படலம் அந்தப் பக்கம் போகிறது என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

வெறுங்கையால் அள்ளாதீர்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது வாளியில் எண்ணெய் அள்ளிய படங்கள் எல்லார் நினைவிலும் இருக்கும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள்தான் இறங்கினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. கையுறை, பூட்ஸ், முகக்கவசம் வராமல் இறங்க மாட்டோம் என்று கமிட்டி சேர்ந்து சொல்வது நியாயமான கோரிக்கை, கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் கரைக்கே விடாதீர்கள். ஜேசிபி விட்டு மணலைப் புரட்டுவதும் தப்பு, எண்ணெய் இன்னும் கீழே போகும். மண்வெட்டியால் மேல் அடுக்கை மட்டும் எடுத்து, தார்ப்பாய் விரித்த குழியில் போட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்துப்போகும் வரை மூடி வையுங்கள். புதைக்கவோ எரிக்கவோ கூடாது. சோப்புத் தண்ணீர், மருந்து எதையும் கடலில் ஊற்றாதீர்கள், எண்ணெயைச் சிதறடிக்கும் மருந்துக்குக் கடலோரக் காவல்படை அனுமதி வேண்டும்.

எண்ணெய் மட்டும் என்றும் இல்லை. 2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது அதில் 640 கன்டெய்னர்கள் இருந்தன, சிதறிய பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்தன. கன்டெய்னரோ டிரம்மோ ஒதுங்கினால் கிட்டேயே போகாமல் மேலே சொன்ன எண்களுக்குப் போடுங்கள்.

கடைசியாக, பணம். எண்ணெய் கொட்டிய கப்பலின் உரிமையாளரும் காப்பீடும் இழப்பீடு தர வேண்டும் என்று சர்வதேச ஒப்பந்தங்கள் இருக்கின்றன, இந்தியாவும் அவற்றில் சேர்ந்திருக்கிறது. எண்ணெய்க் கப்பலுக்கு ஒன்று, மற்றக் கப்பல்களின் எரிபொருளுக்கு ஒன்று. நஷ்டம் ஏற்பட்ட நாளில் இருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், ஆதாரம் இல்லாமல் ஒன்றும் நகராது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் நாளில் இருந்தே எழுதுங்கள்: யார் கடலுக்குப் போகவில்லை, எத்தனை நாள், சுத்தம் செய்ய யார் எத்தனை மணி நேரம் நின்றார், டீசல் எவ்வளவு. பழைய ஏலச் சீட்டு, படகுப் பதிவு, கூட்டுறவுச் சங்க ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். எண்ணெய் பட்ட வலையைத் தூக்கி எறியாமல் மீன்வளத்துறை ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை கட்டி வையுங்கள். இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் எண்ணெயை எடுத்து, மூடி, தேதியும் இடமும் எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்தோடு அதிகாரியிடம் ஒன்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று கமிட்டி அலுவலகத்து அலமாரியில் இருக்கட்டும்.