தன்னார்வலர் எழுதிய கையேட்டைச் சரிபார்த்து, வேண்டியவர் கையில் சேர்ப்பது எப்படி?

லிப்ரே ஆபிஸ் என்பது ஆவணமும் கணக்கு அட்டவணையும் தயாரிக்க உதவும் இலவச மென்பொருள். அதன் கையேடுகளில் பெரும்பகுதி தன்னார்வலர்கள் எழுதியது. வேலை முடிந்து வந்து, இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி எழுதுகிறவர்கள். அப்படி எழுதிய ஓர் அத்தியாயம் தப்பும் தவறுமாக வெளியானாலும், நன்றாக இருந்தும் யார் கண்ணிலும் படாமல் போனாலும் எனக்கு மனசு கேட்பதில்லை. அதில் கணக்கு அட்டவணை போடும் பகுதியான கால்க் பற்றித் தமிழில் சிறு கையேடுகள் எழுதும் எங்கள் குழுவில் நாங்கள் பின்பற்றும் முறையை இங்கே சொல்கிறேன். புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: பதிப்பு எண்ணைப் பாருங்கள்

'ஹெல்ப்' மெனுவில் 'அபௌட் லிப்ரே ஆபிஸ்' திறந்தால் பதிப்பு எண் தெரியும். மேக் கணினியில் அது 'லிப்ரே ஆபிஸ்' மெனுவுக்குள் இருக்கும். அந்த எண்ணும் சரிபார்த்த தேதியும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. மெனுக்கள் இடம் மாறுகின்றன. 2016-ல் வந்த 5.1 பதிப்பில் கால்க்குக்கு 'ஷீட்' என்ற மெனு கிடைத்தது. அதுவரை 'இன்சர்ட்' மெனுவில் இருந்த, புதிய வரி சேர்க்கும் கட்டளை அங்கே போய்விட்டது. பழைய கையேட்டைப் பார்த்து 'இன்சர்ட்'டில் தேடுகிற புதியவர், கையேடு பழசு என்று நினைக்க மாட்டார். தனக்குத்தான் கணினி வரவில்லை என்று மூடி வைத்துவிடுவார்.

படி 2: படிக்காதீர்கள், செய்யுங்கள்

ஒவ்வொரு வரியையும் கணினியில் செய்து பாருங்கள். தெரிந்த வேலை என்று ஒரு வரியைக் கூடத் தாண்டாதீர்கள். 'பிறகு சேமிக்கவும்' என்று இருந்தால், எங்கே, எந்தப் பெயரில், எந்த வடிவத்தில் என்று கேளுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல் விசை என்றால் மேக்கில் கமாண்ட் விசை. இரண்டுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: தெரியாதவர் ஒருவர் கையில் கொடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு முறை, தலைப்பு வரி நகராமல் நிற்க வைப்பது பற்றிய பக்கத்தை, மகளிர் குழுக் கணக்கு எழுதும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். 'இரண்டாம் வரியில் சொடுக்கி, வியூ மெனுவில் ஃப்ரீஸ் ரோஸ் அண்ட் காலம்ஸ் தேர்ந்தெடுக்கவும்' என்று எழுதியிருந்தோம். நாங்கள் மூன்று பேர் சரிபார்த்த வரி அது. அக்கா இரண்டாம் வரியில்தான் சொடுக்கினார். ஆனால் சி2 கட்டத்தில். தலைப்பு வரி நின்றது. கூடவே ஏ, பி என்ற இரண்டு நெடுவரிசைகளும் நின்றுவிட்டன. "ஏன் தம்பி, இந்தப் பக்கம் பாதி ஒட்டிக்கிச்சே?" என்று கேட்டார்.

சொடுக்கிய கட்டத்துக்கு மேலே உள்ள வரிகளும் இடப்பக்கம் உள்ள நெடுவரிசைகளும் நின்றுவிடும் என்பது எங்களுக்குப் பழகிப்போனதால் எழுதத் தோன்றவில்லை. அந்த வரியை 'ஏ2 கட்டத்தில் சொடுக்கவும்' என்று மாற்றினோம். நிறுத்தியதை விடுவிக்க அதே கட்டளையை மறுபடி சொடுக்கினால் போதும் என்பதையும் சேர்த்தோம்.

அவர் செய்யும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, எங்கே தயங்குகிறார், என்ன வார்த்தை சொல்கிறார் என்று அப்படியே எழுதுங்கள். அந்த நோட்டு பின்னாலும் வேண்டும்.

படி 4: மொழியும் படமும்

ஒரே பொருளுக்கு ஒரே சொல். ஓரிடத்தில் 'நிரல்', ஓரிடத்தில் 'நெடுவரிசை' என்றால் புதியவருக்கு இரண்டும் வேறு வேறு. லிப்ரே ஆபிஸுக்குத் தமிழ் இடைமுகம் உண்டு. ஆனாலும் எனக்குத் தெரிந்த பலர் ஆங்கில மெனுவைத்தான் வைத்திருக்கிறார்கள். எந்த மெனுவைப் பார்த்து எழுதினீர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கணினித் திரையைப் பிடித்துப் போடும் படங்களில் உண்மையான பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எதுவும் தெரியக் கூடாது.

திருத்தங்களை எழுதியவருக்கு அனுப்பும்போது, 'புரியவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வரி, என்ன செய்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். அவர் காசு வாங்காமல் உழைத்தவர்; மரியாதை குறையக் கூடாது.

படி 5: வெளியிடுதல்

பிடிஎஃப் கோப்போடு, லிப்ரே ஆபிஸில் திறந்து திருத்தக்கூடிய ஓடிடி கோப்பையும் கொடுங்கள். லிப்ரே ஆபிஸின் ஆங்கிலக் கையேடுகளை இரண்டு வடிவத்திலும் பதிவிறக்கலாம். அவற்றின் உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் வகையைச் சேர்ந்தது. மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். உங்கள் கையேட்டிலும் உரிமத்தைக் குறிப்பிடுங்கள். எழுதியவர், சரிபார்த்தவர் எல்லோர் பெயரும், அவரவர் சம்மதத்தோடு, முன்பக்கத்தில் வர வேண்டும். எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது தேடலில் அகப்படாது.

படி 6: தேடுகிறவர் சொல்லிலேயே தலைப்பு வையுங்கள்

இப்போது அந்த நோட்டை எடுங்கள். 'வரிகளை உறைய வைத்தல்' என்று தலைப்பு வைத்தால் யார் தேடப் போகிறார்கள்? அக்கா கேட்டது, "மேல இருக்கிற தலைப்பு நகராம இருக்க என்ன செய்யணும்?" அதுதான் தலைப்பு. தேடுபொறியில் மனிதர்கள் தட்டுவதும் அதைப் போன்ற வாக்கியத்தைத்தான்.

'புதிய கையேடு வெளியாகிவிட்டது, பகிருங்கள்' என்ற செய்தியை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யாராவது கேள்வி கேட்கும் இடத்துக்குப் போங்கள். அங்கேயே இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு, முழு விளக்கம் இருக்கும் பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். 200 பக்கக் கோப்பை அனுப்பாதீர்கள். அந்த ஒரு பக்கம் போதும். கணக்கு எழுதுகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், நெட் சென்டர் நடத்துகிறவர்கள் ஆகியோருக்கு அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தால், அதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

கடைசிப் பக்கத்தில் பிழை சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கட்டும். அடுத்த பதிப்பு வந்த வாரமே நோட்டைத் திறந்து, மறுபடி படி 1.