கேமராவைத் தொடுவதற்கு முன்: மாணவர்கள் ஊர்ச் செய்தி நிகழ்ச்சிக்குத் தயாராவது எப்படி?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் பிள்ளைகளிடம் "பத்து நிமிட உள்ளூர்ச் செய்தி நிகழ்ச்சி ஒன்று செய்யுங்கள்" என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, "சார், கேமரா எப்போ தருவீங்க?" என்பதுதான். முதல் இரண்டு வாரம் தருவதில்லை என்பது என் வகுப்பு வழக்கம். முனகுவார்கள். முனகட்டும்.

காரணம் ஒரு பழைய வீடியோ. சில வருடங்களுக்கு முன் எங்கள் மாணவர் குழு ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கேமராவோடு நேராகப் போய் இறங்கியது. நெல்லைக் குவித்துவிட்டு நான்கு நாளாகக் காவல் கிடந்த பெரியவரிடம் மைக்கை நீட்டி, "உங்க மனநிலை எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்டான் பையன். அவர் நிதானமாகத் திருப்பிக் கேட்டார்: "தம்பி, ஈரப்பதம்னா என்னன்னு தெரியுமா? எத்தனை சதவீதம் வரைக்கும் எடுப்பாங்க, சொல்லு பார்ப்போம்." பையன் கேமராக்காரனைப் பார்க்க, கேமராக்காரன் தரையைப் பார்க்க, எல்லாம் அழகாகப் பதிவாகியிருந்தது. அவன் அனுமதியோடு அதை வருடா வருடம் முதல் வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன்.

அந்த நெல் கதையையே உதாரணமாக வைத்து, கேமராவுக்கு முந்தைய வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். மொத்தம் ஆறு வாரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: எல்லையை வரையுங்கள்

"தஞ்சை மாவட்டச் செய்திகள்" என்று தொடங்காதீர்கள். ஒரு மாவட்டத்தை ஆறு மாணவர்களால் சுற்றி வர முடியாது. டூவீலரில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய பகுதி போதும்: நான்கு வார்டுகள், பக்கத்தில் இரண்டு மூன்று ஊராட்சிகள். பெரிய சேனல்கள் எட்டிப் பார்க்காத அந்தச் சின்ன வட்டம்தான் உங்கள் பலம்.

எங்கே ஒளிபரப்பாகும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். லோக்கல் கேபிள் சேனல் என்றால் அதை நடத்துபவரை நேரில் பார்த்து, எந்த நாள், எத்தனை நிமிடம், எந்த வடிவத்தில் கோப்பு வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளில் போகும் எதுவும் 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது. மாணவர்கள் செய்தது என்பதற்காகச் சலுகை கிடையாது. யூடியூப் மட்டும்தான் என்றாலும் அவதூறு வழக்கு யாரையும் தேடி வரலாம்.

அடுத்து ஆள் பிரிப்பது

செய்தி ஆசிரியர், செய்தியாளர் இருவர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், வாசிப்பாளர் என்று எல்லோரும் பிரித்துக்கொள்வார்கள். எல்லோரும் மறக்கும் ஒரு ஆள் உண்டு: சரிபார்ப்பவர். செய்தியாளர் கொண்டு வரும் ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பது மட்டுமே இவர் வேலை. வகுப்பிலேயே கொஞ்சம் பிடிவாதக்காரராகப் பார்த்து இதில் போடுங்கள். வாசிப்பாளர் வேலைக்குத்தான் போட்டி இருக்கும். அதைக் கடைசி வாரம் குரல் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம், இப்போது சண்டை வேண்டாம்.

செய்தியைத் தேடுவது

ஒரு பெரிய தாளில் நாட்காட்டி போடுங்கள். முன்கூட்டியே தெரிந்த நாட்கள் நிறைய உண்டு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபைக்கு உரிய நாட்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள். மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். டெல்டாவில் என்றால் மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12. அதன் முன்னும் பின்னும் ஊரே குறுவை பற்றித்தான் பேசும்.

நாட்காட்டி ஒரு பாதி. மற்ற பாதி நடந்து திரிவது. கேமரா இல்லாமல், ஒரு நோட்டோடு இரண்டு நாள் சுற்றுங்கள். ரேஷன் கடைப் பலகையில் இருப்பு என்ன எழுதியிருக்கிறது? உழவர் சந்தை விலைப்பலகைக்கும் தெருமுனைக் கடைக்கும் தக்காளியில் எவ்வளவு வித்தியாசம்? டீக்கடையில் எதைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்? ஆட்டோ ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றால் எந்தச் சாலை மோசம் என்று துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள்.

திரும்பி வந்ததும் இருபது யோசனைகளாவது கரும்பலகையில் ஏறும். இங்கேதான் முக்கியமான வடிகட்டல். "குப்பைப் பிரச்சினை" என்று எழுதினால் அது தலைப்பு. "எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வாரத்தில் எத்தனை நாள் வர வேண்டும், எத்தனை நாள் வருகிறது?" என்பது கேள்வி. தலைப்பை வைத்துக்கொண்டு வேலை செய்யவே முடியாது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கட்டுரைப் போட்டி மாதிரி ஆகிவிடும். கேள்வி இருந்தால் யாரிடம் போக வேண்டும் என்பது தானாகத் தெரியும். ஒரே வாக்கியத்தில் கேள்வியாக மாறாத யோசனையை அழித்துவிடுங்கள். இருபதில் ஐந்து தேறினால் நல்ல வாரம்.

எங்கள் நெல் கதையின் கேள்வி இப்படி ஆனது: "இந்த நிலையத்தில் ஒரு விவசாயி நெல்லைக் கொட்டியதிலிருந்து எடை போடும் வரை எத்தனை நாள் ஆகிறது, ஏன்?"

ஆய்வு: இங்கேதான் நேரம் போக வேண்டும்

முதலில் அடிப்படையைப் படியுங்கள். நேரடி கொள்முதல் நிலையங்களை நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். நெல் 40 கிலோ சிப்பமாக, அதாவது மூட்டையாக, பிடிக்கப்படுகிறது. ஈரப்பதத்தின் வழக்கமான உச்ச வரம்பு 17 சதவீதம். "சரி, 17 என்று எழுதிக்கொண்டேன்" என்று நோட்டை மூடிவிடாதீர்கள். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்ட பருவங்களில் மத்திய அரசின் ஒப்புதலோடு இந்த வரம்பைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் எழுத வேண்டிய எண் புத்தகத்தில் இருப்பது அல்ல, இந்தப் பருவத்தில் இன்று அமலில் இருப்பது. பெரியவர் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் இதுதான். அன்று பையன் "17" என்று பட்டென்று சொல்லியிருந்தால்கூட அது தவறாகப் போயிருக்க வாய்ப்புண்டு.

பிறகு காகிதம். அலுவலகம் வாயால் சொல்லத் தயங்குவதை எழுத்தில் கேட்க 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள். கணக்குப் போடுங்கள்: ஆறு வாரத் திட்டத்தில் இந்த மனு முதல் வாரமே தபாலில் போயாக வேண்டும். ஒரு வருடம் மூன்றாவது வாரத்தில் அனுப்பினோம். பதில் வந்தபோது பிள்ளைகள் செமஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார்கள். கேள்விகளையும் சின்னதாகக் கேளுங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் நழுவ இடம் உண்டு. "ஜனவரி 1 முதல் 31 வரை இந்த நிலையத்தில் நாள்வாரியாகக் கொள்முதல் செய்த சிப்பங்களின் எண்ணிக்கை தருக" என்றால் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுத முடியும்.

ஊராட்சிச் செலவு தொடர்பான செய்தி என்றால் இ கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிவாரியாகத் திட்டங்களும் கணக்கும் இருக்கின்றன. மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரிடமிருந்து வரும் செய்திக்குறிப்புகளையும் வாங்கிப் படியுங்கள். ஆனால் அதை அப்படியே வாசிப்பது செய்தி சேகரிப்பு ஆகாது.

அடுத்து மனிதர்கள். விவசாயி, நிலையப் பணியாளர் என்று இருவரோடு நிறுத்திவிடுவது தொடக்கக்காரர்களின் பழக்கம். சுமைதூக்கும் தொழிலாளர்களிடம் பேசினீர்களா? லாரி டிரைவரிடம்? பிடித்த சிப்பங்கள் கிடங்குக்குப் போகவில்லை என்றால் நிலையத்தில் இடம் இருக்காது. இடம் இல்லை என்றால் அடுத்தவர் நெல்லை எடை போட முடியாது. தாமதத்தின் முடிச்சு ஈரப்பதமானியில் இல்லாமல் லாரியில் இருக்கலாம். விவசாயியைப் பாவமாகவும் பணியாளரை வில்லனாகவும் முன்பே முடிவு செய்துவிட்டுப் போனவர்களுக்கு இது கண்ணில் படாது.

கடைசியாக உங்கள் கண். மூன்று நாள், ஒரே நேரத்தில் போய் நின்று எண்ணுங்கள். இன்று எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை லாரி வந்தது, தராசு எத்தனை மணிக்குத் தொடங்கியது. நீங்களே எண்ணிய எண்ணுக்கு உள்ள மதிப்பு வேறு எதற்கும் இல்லை. "மூன்று நாள் காலை 9 முதல் 12 வரை நாங்கள் நின்று பார்த்ததில்" என்று ஒரு வாசிப்பாளர் சொல்லும்போது ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரிபார்ப்புத் தாள்

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தாள். இடப்பக்கம் நாம் சொல்லப் போவது, வலப்பக்கம் அது எப்படித் தெரியும் என்பது. வலப்பக்கம் காலியாக இருந்தால் இடப்பக்கம் அடிபடும். வாட்ஸ்அப்பில் வந்தது என்று எழுதினால் அதுவும் காலிக்குச் சமம்.

எளிதாகத் தெரியும் எண்களில்தான் வழுக்கும். மழையை எடுத்துக்கொள்ளுங்கள். வானிலைத் துறை தரும் அளவு காலை 8.30இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை பெய்தது. அதை "நேற்று இரவு பெய்த மழை" என்று வாசித்தால் தவறு. "மிக கனமழை" என்பதும் நம் இஷ்டத்துக்குச் சேர்க்கும் அடைமொழி இல்லை, 115.6 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும் ஒரு வகைப்பாடு. பதவிப் பெயர்களும் அப்படித்தான். வட்டாட்சியரைக் கோட்டாட்சியர் ஆக்கிவிட்டால் அந்தச் செய்தியில் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் யாரும் நம்பமாட்டார்கள்.

காட்டக் கூடாதவை

இது நீதி போதனை இல்லை, சட்டம். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், பள்ளி, தெரு என அடையாளம் காட்டும் எதையும் வெளியிட போக்சோ சட்டம் தடை செய்கிறது. வழக்கில் சிக்கிய சிறாருக்கும் சிறார் நீதிச் சட்டத்தில் அதே பாதுகாப்பு உண்டு. முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலைக் காட்டினால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சின்ன ஊரில் வாசற்படியே ஒரு முகவரி. தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்காதீர்கள். பள்ளிக்குள் படம் பிடிக்கத் தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதியும், குழந்தையைப் பேட்டி எடுக்கப் பெற்றோர் சம்மதமும் வாங்கிவிடுங்கள்.

ரன்டவுன்: 600 விநாடி

பத்து நிமிடம் என்றால் 600 விநாடி. அதைப் பங்கு போடுவதுதான் ரன்டவுன். எங்கள் நெல் நிகழ்ச்சியின் தாளில் இப்படி இருந்தது: தலைப்புச் செய்திகள் 40 விநாடி, நெல் கதை 150, இரண்டாவது செய்தி 110, குறுஞ்செய்திகள் மூன்று சேர்த்து 75, ஸ்டுடியோ பேட்டி 120, உழவர் சந்தை விலையும் வானிலையும் 40, விடைபெறுதல் 25. கூட்டினால் 560. மீதி 40 விநாடி முகப்புக்கும் மூச்சுவிடுவதற்கும். முழு 600ஐயும் நிரப்பினால் எடிட்டிங் மேசையில் ஏதாவது ஒரு நல்ல பைட்டை (பேட்டித் துணுக்கை) வெட்ட வேண்டி வரும், அன்று நட்பு முறியும்.

ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று கணக்குச் சொல்லும். தமிழுக்கு அது உதவாது. "கொள்முதல்செய்யப்படாததால்" என்பது ஒரே சொல், ஆனால் வாசித்து முடிக்க மூச்சு வேண்டும். எழுதியதைச் சத்தமாக வாசித்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பதைத் தவிர வழி இல்லை. வாசிக்கும்போது நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

ரன்டவுனின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்கான காட்சிகளை எழுதுங்கள்: குவியல் மேல் தார்ப்பாய், ஈரப்பதமானியின் எண், தைக்கும் ஊசி, காலியாக நிற்கும் தராசு. எதிரே எழுத எதுவும் தோன்றவில்லை என்றால் அந்த வரியை வாசிப்பாளர் நேராகச் சொல்லட்டும்.

இப்போதுதான் கேமரா

படப்பிடிப்புக்கு முந்தைய நாள் பேட்டி தரப் போகிறவர்களோடு போனில் பேசுங்கள். கேள்விகளை வரிக்கு வரி சொல்லிவிடாதீர்கள், மனப்பாடமாகப் பதில் வரும். எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று மட்டும் சொன்னால் போதும். பேட்டி எடுக்கும் இடத்தில் வெயில் எந்தப் பக்கம், மில் சத்தம் கேட்கிறதா என்று ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும். படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்கவில்லை என்றால் சேனலை மாற்றிவிடுவார்கள். பையில் லேப்பல் மைக் (சட்டையில் மாட்டும் சின்ன மைக்), மாற்று பேட்டரி, சரிபார்ப்புத் தாளின் நகல். விநாடிக்கு 25 ஃபிரேம் என்று எல்லா கேமராவிலும் ஒரே அமைப்பு வையுங்கள். செல்போனில் எடுப்பவர்களும்தான்.

எல்லாம் முடிந்து எடிட்டிங்குக்குக் குரல் பதியும்போது, மாறக்கூடிய எண் உள்ள வாக்கியங்களைத் தனித்தனிக் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். எங்கள் நெல் செய்தியில் ஈரப்பத வரம்பு வரும் வரி அப்படித்தான் இருந்தது. ஒளிபரப்பு அன்று காலை சரிபார்ப்பவர் நிலையத்துக்கு ஒரு போன் போட்டு இன்றைய வரம்பு என்ன என்று கேட்பார். மாறியிருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டிவிடலாம், பத்து நிமிட வேலை.