சிக்னல் போய்ச் சேராதபோது: க்யூடி நிரலில் இழைகளுக்கு நடுவே தேட வேண்டிய இடங்கள்

தைப்பூசக் காவடி எடுப்பவர்களின் பெயரைப் பதிவதற்காக, மொரீஷியசில் எங்கள் ஊர்க் கோவிலுக்கு க்யூடி (Qt) என்ற சி++ நிரலகத்தில் ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். சாளரம் முதன்மை இழையில் (thread: ஒரே நிரலுக்குள் தனியே ஓடும் ஓட்டம்) ஓடும். பெயரை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேமிப்பதும் ரசீது அச்சிடுவதும் இன்னொரு இழையில் நடக்கும். ஒரு மாலை அச்சுப்பொறியில் தாள் தீர்ந்துபோக, பதிவு மேசையில் இருந்தவர் ‘நிறுத்து’ பொத்தானை நான்கு முறை அழுத்தியும் பயனில்லாமல், “மஷின்-லா இன் ப்லொக்கே” என்று கிரியோலில் சலித்துக்கொண்டார். தாளை மாற்றியதும் முதல் ரசீது ஒழுங்காக அச்சாகி வந்தது. அதற்குப் பின்னால் காத்திருந்த நான்கு ரசீதுகள் தாமாகவே ரத்தாயின.

அடைத்துக்கொண்டது என்று அவர் சொன்னதுதான் சரியான கணிப்பு. சிக்னல்கள், அதாவது நிரலின் ஒரு பொருள் (object) இன்னொன்றுக்கு அனுப்பும் அறிவிப்புகள், தொலைந்துபோகவில்லை, எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் வரிசையில் கிடந்தன. வேறோர் இழையில் இருக்கும் பொருளுக்கு அனுப்பப்படும் சிக்னல், இயல்பான இணைப்பில், அந்த இழையின் நிகழ்வு வரிசையில் போய் நிற்கும். அங்கே வரிசையில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் நிகழ்வுச் சுழல் திரும்பி வந்து எடுத்தால்தான், சிக்னலுக்குப் பதிலாக ஓட வேண்டிய செயற்கூறான ஸ்லாட் ஓடும். என் ஸ்லாட்டோ, தாள் வரும்வரை ஒரு வைல் சுழலுக்குள் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஸ்லீப் போட்டிருந்தேன், ஆனால் அது செயலியின் சுமையைக் குறைக்குமே தவிர, வரிசையைத் திறந்துவிடாது.

ஆகவே இத்தகைய பிழையைத் தேடும்போது மியூட்டெக்ஸை (இழைகள் ஒரே தரவில் மோதாமல் காக்கும் பூட்டு) தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காணுங்கள்: பொருள் எந்த இழையைச் சேர்ந்தது, அந்த இழையின் நிகழ்வுச் சுழல் இப்போது ஓடுகிறதா? சிக்னலை அனுப்பும் வரியிலும் ஸ்லாட்டின் முதல் வரியிலும் நடப்பு இழையின் முகவரியை அச்சிடுங்கள். பெறும் பொருளின் த்ரெட் செயற்கூறு தரும் முகவரியையும் அருகில் அச்சிடுங்கள். இந்த மூன்று முகவரிகளை ஒப்பிட்டாலே பெரும்பாலான சிக்கல்களுக்கு வழி தெரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஸ்லாட் ஓடவே இல்லையென்றால், முதலில் கன்சோலில் வரும் எச்சரிக்கைகளைப் படியுங்கள். பழைய முறையில் சிக்னல், ஸ்லாட் மேக்ரோக்களால் எழுதிய இணைப்பில் பெயர் பிழைத்தால் ஓடும்போதுதான் தெரியும். க்யூடி 5 கொண்டுவந்த சுட்டி முறையில் தொகுக்கும்போதே பிடிபடும். நீங்களே வரையறுத்த வகையை க்யூடி அறியும்படி மெட்டாடைப்பாகப் பதிவு செய்யாமல் அனுப்பியிருந்தால், அதை வரிசையில் வைக்க முடியாது என்று ஓர் எச்சரிக்கை வரலாம். இழையை நடத்தும் வகுப்பான க்யூத்ரெட்டின் ரன் செயற்கூறை நீங்கள் மாற்றி எழுதி, அதில் நிகழ்வுச் சுழலைத் தொடங்கும் எக்ஸெக்கை அழைக்க மறந்திருந்தால், அந்த இழையில் சுழலே கிடையாது.

ஸ்லாட் ஓடுகிறது, ஆனால் தவறான இழையில் ஓடுகிறது என்பது இதைவிட வஞ்சகமான பிழை. க்யூத்ரெட் பொருள் தான் தொடங்கிவைக்கும் இழையைச் சேர்ந்ததன்று, தன்னை உருவாக்கிய இழையைச் சேர்ந்தது. அதனால் க்யூத்ரெட்டிலிருந்து வகுப்பு வருவித்து அதிலேயே ஸ்லாட்டுகளை எழுதினால், அவற்றுக்கு வரிசையில் வரும் வேலை உருவாக்கிய இழையில்தான் நடக்கும். பெற்றோர் (தன்னை உடைமையாகக் கொண்ட மேல் பொருள்) இல்லாத ஒரு பணியாளர் பொருளை உருவாக்கி, மூவ்டுத்ரெட் மூலம் இடம் மாற்றுவதே நல்லது. பெற்றோர் இருந்தால் க்யூடி மாற்ற மறுத்துவிடும். பணியாளரின் உறுப்பாக டைமர் வைத்திருந்தால், பணியாளரையே அதற்குப் பெற்றோராக்குங்கள், இல்லையேல் டைமர் மட்டும் பழைய இழையிலேயே தங்கிவிடும். லாம்டாவை (பெயரில்லாத சிறு செயற்கூறு) இணைக்கும்போது, எந்த இழையில் அது ஓட வேண்டும் என்பதைக் காட்டும் சூழல் பொருளையும் கொடுங்கள். அது இல்லாத லாம்டா சிக்னலை அனுப்பிய இழையிலேயே ஓடும். அதற்குள் சாளரத்தின் லேபிளை மாற்றினால் சில நாள் நன்றாக ஓடும், ஒரு நாள் நிரல் விழும். எஸ்கியூஎல் தரவுத்தள இணைப்பையும் அதைப் பயன்படுத்தும் இழையிலேயே திறக்க வேண்டும்.

விடை வரும்வரை அனுப்பியவரை நிறுத்திவைக்கும் பிளாக்கிங் இணைப்பை நான் தவிர்த்துவிடுகிறேன். இரு பொருள்களும் ஒரே இழையில் இருந்துவிட்டால் நிரல் அங்கேயே உறைந்துவிடும்.

என் நிரலில் வைல் சுழலை எடுத்துவிட்டு, 500 மில்லிநொடிக்கு ஒரு முறை தாளைச் சோதிக்கும் டைமரை வைத்தேன். சோதனைக்குச் சோதனை ஸ்லாட் முடிந்து சுழல் திரும்புவதால், ‘நிறுத்து’ வந்த கையோடு எடுபடுகிறது. நீண்ட கணக்கீட்டை இப்படிப் பிரிக்க முடியாதபோது, முதன்மை இழையிலிருந்து, நிறுத்தக் கோரும் ரிக்வெஸ்ட்இன்ட்டரப்ஷனை அழைத்து, கணக்கீட்டுக்குள் அவ்வப்போது அதைச் சோதித்துப் பார்க்கலாம். இது வரிசையை நம்பியிருப்பதில்லை.

நிரலை மூடும்போது, நிகழ்வுச் சுழலை முடிக்கச் சொல்லும் க்விட் அழைத்து, பிறகு இழை முடியும்வரை காத்திருக்கும் வெயிட் அழையுங்கள். வெயிட்டில் சாளரம் உறைந்தால், பணியாளரின் ஏதோவொரு ஸ்லாட் இன்னும் திரும்பவில்லை என்று பொருள். டீபக்கரில் நிரலை நிறுத்தி எல்லா இழைகளின் அழைப்பு அடுக்கையும் பார்த்தால் அது எந்த வரியில் நிற்கிறது என்பது தெரியும். நான் பார்த்தபோது, ரசீதை எடுத்தார்களா என்று காத்திருக்கும் இரண்டாவது வைல் சுழல் ஒன்று அங்கே இருந்தது.